வலது பக்கம் இரண்டாவது தெரு

சென்ற மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். "மேடம், பழைய கேன்டீன் கம்பெனி ஒண்ணோட மொபைல் சைட் இன்னும் சர்வர்ல கிடக்கு. தூக்கிடட்டுமா?" என்றாள். தூக்கிவிடு என்றேன். அவள் அதோடு விடவில்லை. "ஒரு டவுட்டு மேடம். பெரிய சைட்ல இருக்கிற அதே விஷயம்தான் இதுலயும் இருக்கு. ஆனா ஒரு வரிகூட அது மாதிரி இல்ல. யாரோ மெனக்கெட்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் மாத்தி எழுதியிருக்காங்க. எதுக்கு மேடம் இப்படி?"

"யாராவது வேலையத்தவங்க எழுதியிருப்பாங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அந்த வேலையத்தவள் நான்தான். நிவேதா, இதை நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நிவேதா வயதுக்காரர்களுக்கு மொபைலுக்கென்று தனி வெப்சைட் இருந்த கதையே தெரியாது. இப்போது ஒரே சைட்தான். கம்ப்யூட்டரில் திறந்தால் விரியும், போனில் திறந்தால் தானாகச் சுருங்கிக்கொள்ளும். அப்போது அப்படியில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு சைட். போனுக்கு, முகவரியின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, இன்னொரு குட்டி சைட். கடை ஒன்று, அதற்கு வாசல் இரண்டு. இரண்டு வாசலிலும் போர்டு எழுதுகிற வேலை என்னுடையது.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவள். அஞ்சல் வழியில் ஆங்கிலம் பி.ஏ. முடித்திருந்தேன். தொழிற்சாலைகள் வரிசையாக வந்து, நோட்டீசெல்லாம் 'ரூம் வாடகைக்கு', 'ஆட்கள் தேவை' என்று மாறிய சமயம், 2006 வாக்கில், பிரஸ் மாடியிலேயே வெப்சைட் செய்கிற ஆபீஸ் ஒன்று வந்தது. படிக்கிறவனை மிரட்டாத ஆங்கிலம் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். மாடிப்படி ஏறினேன். அவ்வளவுதான் என் தொழில் மாற்றம். கற்றுக்கொண்டதெல்லாம் தப்பு செய்து திட்டு வாங்கித்தான்.

திட்டு என்றேனே, அது ராஜகோபால் சார் வருவதற்கு முன்பு. அவர் திட்டவே மாட்டார். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் பிளான்ட் ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு எங்கள் ஆபீசுக்கு மேனேஜராக வந்தவர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் எந்த வெயிலிலும் போட்டேயிருக்கும். டீ கொண்டு வருகிறவரிலிருந்து எல்லாரும் அவருக்கு 'நீங்க'தான். தப்பைக் கண்டால் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, மூடியால் கம்ப்யூட்டர் திரையில் மெல்லத் தட்டுவார். ஒரு தட்டு. பிறகு நம் முகத்தைப் பார்ப்பார். அதற்குக் கன்னத்தில் அறை வாங்குவது தேவலை.

மொபைல் சைட் வந்த புதிதில் அவருக்கு ஒரு பயம் பிடித்தது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி அதைக் காப்பி என்று எண்ணி, இரண்டையும் பின்னால் தள்ளிவிடும் என்று எங்கோ படித்திருந்தார். அதற்காக ஒரு முறை வைத்தார். கம்ப்யூட்டர் சைட்டின் எழுத்தை ஒரு பக்கமும் மொபைல் சைட்டின் எழுத்தை மறுபக்கமும் ஒரு மென்பொருளில் ஒட்ட வேண்டும். ஒத்துப்போகிற வரிகள் சிவப்பாகும். சிவப்பு போகும்வரை மொபைல் எழுத்தை மாற்ற வேண்டும். "சிவப்பு இருக்கக் கூடாது மேடம்" என்பார். எனக்குத் தோதாக ஒரு வரி விட்டுவைக்கலாமா என்று கேட்டால், தட்டு.

முதலில் சலிப்பாக இருந்தது. பிறகு, சொல்லவே கூசுகிறது, அதில் ஒரு கிறுக்குப் பிடித்தது எனக்கு. 'ஞாயிறு விடுமுறை' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம்! முன்னால் இருப்பதைப் பின்னால் போடுவேன், செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்குவேன், இல்லை என்பதை உண்டு என்று திருப்புவேன். சிவப்பு ஒவ்வொன்றாகக் கறுப்பாகும்போது ஒரு திமிர் வரும். ஆபீசில் சின்னப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடமும் பீற்றிக்கொள்வேன். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன், "நல்லா இருந்ததை ஏன் மாத்துற?" என்று கேட்டார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

சரோஜாம்மா எங்கள் பழைய வாடிக்கையாளர். பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய், மிச்சமிருந்த மனையில் மாடி எடுத்துப் பெண்கள் ஹாஸ்டல் நடத்தினார். ஐம்பது தாண்டியவர். அவர் பேசினால் கீழே பிரஸ்ஸில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மொபைல் சைட் வேண்டுமென்று அவரே வந்து கேட்டார்.

"பஸ் ஸ்டாப்பாண்டயே நின்னுகினு பொண்ணுங்கள மடக்கிடுறானுங்கம்மா, காண்ட்ராக்ட்காரனுங்க. ஒரு ரூம்ல ஆட்டு மந்த மாதிரி அடைக்கிறான். சர்ட்டிபிகேட்ட வாங்கி வச்சிக்கிறான். வேற வேலைக்குப் போவ முடியாது. பொண்ணுங்க ஊர்லயே போன்ல பாத்துட்டு நேரா என் வூட்டுக்கு வந்துடணும். அதுக்குத்தான் உன்னாண்ட வந்தேன்."

வழி சொல்லும் பத்தியை அவரே வாயால் சொன்னார், நான் ஆங்கிலத்தில் அடித்தேன். அந்த நாள் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதனால் எல்லாம் எளிய ஆங்கிலம். "தெக்கத்திப் பொண்ணுங்க சிங்கபெருமாள் கோயில்ல எறங்கி, ஒரகடம் வழியா பஸ் புடிச்சு வரும். அப்டி வந்தா கூட்டு ரோட்ல எறங்கினதும் எடது கைல ரெண்டாவது தெரு. இதத்தான் கம்ப்யூட்டர்லயும் போட்டுகீற. போன்லயும் அப்டியே போடு, மாத்தாத."

மாற்றாதே என்று சொன்னார். என் காதில் விழுந்தது. சரி என்று தலையும் ஆட்டினேன்.

அவர் போன பிறகு இரண்டு எழுத்தையும் மென்பொருளில் ஒட்டினேன். வழிப் பத்தி முழுக்கச் சிவப்பு. வழியை எப்படி மாற்றுவது? தெரு நகருமா? இடதை 'இடது புறம்' என்று மாற்றினேன், சிவப்பு. நிறுத்தத்தைப் பின்னால் போட்டேன், அப்போதும் சிவப்பு. ராஜகோபால் சார் வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அப்புறம் எனக்கு அந்த யோசனை வந்தது. அதே இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வழி சொன்னால்? 'ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும்போது, கூட்டு ரோட்டில் இறங்கி, வலது பக்கம் இரண்டாவது தெரு.' தப்பே இல்லை! அந்தப் பக்கமாக வந்தால் அது வலதுதான். சிவப்பு முழுசாகப் போயிற்று. அடி கஸ்தூரி, உனக்கு எவ்வளவு மூளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சார் பார்த்துவிட்டு, "குட் மேடம்" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

சில மாதம் போயிருக்கும். ஒரு காலை சரோஜாம்மா மாடிப்படி ஏறி வந்தார். கூடவே ஒல்லியாக ஒரு பெண். தோளில் பை, கையில் ஒரு பட்டன் போன். சரோஜாம்மா உட்காரவில்லை.

"இன்னாம்மா கஸ்தூரி, என் வூடு எந்தப் பக்கம் கீது?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"சிரிக்காத. ரோட்டுக்கு இந்தாண்ட கீதா, அந்தாண்ட கீதா, சொல்லு."

அந்தப் பெண் பெயர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்தவள். பெரிய பிளான்ட் ஒன்றில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வந்து, ஊரிலிருந்து தனியாகக் கிளம்பியிருக்கிறாள். பஸ்ஸில் வரும்போதே போனில் ஹாஸ்டலைத் தேடியிருக்கிறாள். தேடலில் முதலில் நின்றது எங்கள் மொபைல் சைட். அதன் கீழே இரண்டு வரி: 'கூட்டு ரோட்டில் இறங்கி, வலது பக்கம் இரண்டாவது தெரு, பெண்கள் ஹாஸ்டல்.' முன்னால் இருந்த 'ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும்போது' என்பதை தேடுபொறி வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிட்டது. பக்கத்தைத் திறக்க அவள் போனில் சிக்னல் போதவில்லை. திறப்பானேன், வழிதான் தெரிந்துவிட்டதே.

ஒரகடம் பக்கமிருந்து வந்து இறங்கியவள், வலது பக்கம் திரும்பினாள். அங்கேயும் இரண்டாவது தெருவில் ஒரு பெண்கள் ஹாஸ்டல் இருந்தது. சரோஜாம்மா எந்த ஆட்களுக்குப் பயந்து என்னிடம் வந்தாரோ அந்த ஆட்களுடையது. வாம்மா என்று சேர்த்துக்கொண்டார்கள். பத்திரமாக இருக்கும் என்று ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். இன்டர்வியூவுக்கு ஒரிஜினல் வேண்டும் என்று இவள் கேட்டபோது, முதலாளி ஊரில் இல்லை, நாளைக்கு வா, நாளான்னைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். ஒரு நாள் கூட்டு ரோட்டில் நின்றவள் எதிர்த் தெரு முனையில் சரோஜாம்மாவின் போர்டைப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய், போனில் பார்த்த வழியையும் சொல்லி அழுதிருக்கிறாள். சரோஜாம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டு வாங்கிக் கொடுப்பதற்குள் இன்டர்வியூ நாள் போய்விட்டது.

இதையெல்லாம் சரோஜாம்மா நின்றபடியே சொல்லி முடித்தார். ஆபீசில் எல்லாரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

ராஜகோபால் சார் எழுந்து வந்தார். அவள் போனை மரியாதையாகக் கேட்டு வாங்கினார். பக்கத்தைத் திறந்தார், அது மெல்ல வந்தது. "இதோ பாருங்கம்மா. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து வரும்போதுன்னு தெளிவா இருக்கு. முழுசாப் படிச்சிருக்கணும்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். ஒரு பழுதான பீஸ் எந்த மெஷினில் வந்தது என்று கண்டுபிடித்த குரல்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "ஆமா சார். நாந்தான் சரியா வாசிக்கல. எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது, தமிழ் மீடியம்" என்றாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லவில்லை. "ஆமாம்மா, திறந்து பாத்திருக்கணும்" என்றேன். டீச்சர் மாதிரி. சீ!

சரோஜாம்மா என்னிடம் திரும்பினார். "அவ படிச்சாளோ இல்லியோ, அது கெடக்கட்டும். எடது கைனு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"மாத்தாதனு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சரோஜாம்மா. ஆனா ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா தேடுறப்ப பின்னாடி போயிடும்னு..."

"என் வூடு ஒண்ணுதானேம்மா? ஒரு வூட்டுக்கு ஒரு வழிதான் சொல்ல முடியும். அத ரெண்டு எடத்துல சொன்னா இன்னா தப்பு?"

சரோஜாம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரது செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அன்று மதியம் நான் முதல் முறையாக, யாரோ சொன்னதை அல்ல, தேடுபொறி நடத்துகிறவர்களே எழுதி வைத்திருக்கும் உதவிப் பக்கங்களைத் தேடிப் படித்தேன். எதைத் தேட வேண்டுமென்று எனக்குத் தோன்ற ஒரு பெண்ணின் வேலை போக வேண்டியிருந்தது. எவ்வளவு எளிமையாக இருந்தது, கடவுளே! மொபைலுக்குத் தனி சைட் வைத்தால் இரண்டிலும் ஒரே எழுத்து இருப்பதுதான் முறை. கம்ப்யூட்டர் பக்கத்தின் தலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி: என் சின்ன வடிவம் அங்கே இருக்கிறது. மொபைல் பக்கத்தின் தலையில் ஒரு வரி: என் மூல வடிவம் அங்கே இருக்கிறது. ஒன்றையொன்று இப்படிச் சுட்டிவிட்டால் தேடுபொறி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும், தள்ளாது. இரண்டே வரி. நாங்கள் செய்ததுபோல் சுட்டாமலும் விட்டு, எழுத்தையும் மாற்றினால்தான் அது இரண்டையும் வேறு வேறு கடை என்று நினைத்துக் குழம்பும். முன்பு சரோஜாம்மாவின் சைட்டுக்கு மொத்தமாக இருந்த பேர் இரண்டாகப் பிரிந்து, ஒரு நாள் இது முன்னால் நின்றது, ஒரு நாள் அது நின்றது. நான் அதைப் பார்த்து இரண்டும் ஜெயிக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே கடைசிவரை படித்தார். பேனா கையில் இருந்தது, தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிளான்ட்ல ஒரே நம்பர் போட்டு ரெண்டு பீஸ் வந்துட்டா அந்த லாட்டையே நிறுத்திடுவோம் மேடம். எது எந்த வண்டிக்குப் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த பயம் எனக்கு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ரெண்டு வரியையும் எல்லாத்துலயும் போட்டுடுங்க" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் பேசவேயில்லை. அவர் பயத்துக்காவது ஒரு நியாயம் இருந்தது. எனக்கு இருந்தது வெறும் திமிர்.

வேலை சுலபம். கம்ப்யூட்டர் சைட்டின் எழுத்தை எடுத்து மொபைலில் அப்படியே ஒட்டு, இரண்டு வரி சேர். ஒட்டுவதற்கு முன்னால் நான் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தேன். வாலாஜாபாத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல். 'பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் உண்டு' என்பதை நான் 'பெண் பயிற்சியாளர், பெண்களுக்கு மட்டும்' என்று திருப்பியிருந்தேன். போனில் கூப்பிடும் ஆம்பளைங்க ஏன் குறைஞ்சுட்டாங்க என்று அந்த ஆள் எங்களிடமே வந்து கேட்டிருந்தார், நானும் சீசன் அப்படி என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அழிக்க அழிக்க முகத்தில் அனல் அடித்தது. அந்தக் கேன்டீன் கம்பெனி மட்டும் அதற்குள் எங்களைவிட்டுப் போயிருந்ததால் தப்பிவிட்டது. நிவேதா கையில் சிக்கியது அதுதான்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். 2015-ல், நான் வேலையிலிருந்து நிற்கப்போகிற சமயம், தனி மொபைல் சைட்டையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே சைட்டாக மாற்றிக்கொண்டிருந்தோம். படம் எடுக்க சரோஜாம்மா ஹாஸ்டலுக்குப் போனேன். அவர் என்மேல் பழைய கோபம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. "வா வா, எடது கைல திரும்பிதான வந்த?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய மனசு எனக்குத் தாங்கவில்லை.

மாடியில் ஒரு அறையில் முத்துலட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நைட் ஷிப்டுக்குப் போகிறவள், பகலில் இருந்தாள். அதே ஹாஸ்டலில்தான் இத்தனை நாளும் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காண்ட்ராக்ட் வேலைதான். அந்த நிரந்தர வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தபோது இவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அக்கா உட்காருங்க என்று கட்டிலைத் தட்டிவிட்டாள்.

என்ன பேசுவதென்று தெரியாமல், ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

"இருக்காகக்கா. தங்கச்சியும் டிப்ளமோ முடிச்சிட்டா. வீட்ல இருந்து பீடி சுத்துதா."

"ஏன், அவளையும் இங்க வரச் சொல்லலாமே?"

"அப்பா விட மாட்டேங்காரு. நீ ஒருத்தி வழி வாசிக்கத் தெரியாம போயி நின்னது போதும், இவளையும் அனுப்பி நான் சீரழியணுமாங்காரு." லேசாகச் சிரித்தாள். "அவரச் சொல்லி என்னக்கா செய்ய? தப்பு என் பேர்லதான். இப்பல்லாம் எதையும் ரெண்டு மட்டம் வாசிச்சிட்டுதான் அடுத்த காரியம். நோட்டீசு, மெசேசு, பஸ் போர்டு எல்லாம். இங்கிலீசுன்னா மூணு மட்டம்."

நான் வேலை செய்த காலம் முழுவதிலும் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. அன்று ஆபீசில் நான் சொன்ன ஒரு 'ஆமாம்மா'வை இவள் ஊர்வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். அப்பாவிடம், தங்கையிடம், தனக்குத்தானே, நான் சரியாக வாசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தைகூடத் தப்பாக வாசிக்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்த ஒரே ஆள் அவள்தான்.

சொன்னேன். சரோஜாம்மா இடது என்று சொன்னதை, மாற்றாதே என்று சொன்னதை, நான் சிவப்பு வரிக்காக ரோட்டைத் திருப்பிப் போட்டதை, 'ஸ்ரீபெரும்புதூரிலிருந்து' என்பது அவள் பார்த்த இடத்தில் இல்லவே இல்லை என்பதை, எல்லாம் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ சரியாத்தான் படிச்ச முத்துலட்சுமி."

அவள் மடித்த சுடிதாரை உதறி மறுபடி மடித்தாள். கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எங்க அப்பாட்ட ஒரு மட்டம் சொல்லுதீயளாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் நம்பரைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். ரிங் போயிற்று. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் புரட்டினேன். எந்த வாக்கியத்தையும் விதவிதமாக மாற்றத் தெரிந்தவளுக்கு இது ஒரே ஒரு விதமாகத்தான் வந்தது.

"யாரு?" என்றது வயதான குரல். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"ஐயா, நான் ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து கஸ்தூரி பேசுறேன். உங்க பொண்ணு சரியாத்தான் படிச்சா, நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"என்னம்மா? வெளங்கல. சத்தமாச் சொல்லுங்க."

முத்துலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அதையே இன்னொரு முறை சொன்னேன்.